சுடுதண்ணி மட்டும் நூல் மாதிரி வருதா? கீசரை மாற்றும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்... கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலை வரை!

குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணி கொட்டுது. சுடுதண்ணி பக்கம் திருப்பினால் மட்டும் நூல் மாதிரி வருது. இல்லைன்னா நல்லா வருது, ஆனா வெதுவெதுன்னுதான் இருக்கு. மார்கழி, தை மாதங்களில் பல வீடுகளில் கேட்கும் புகார் இது. உடனே 'கீசர் போச்சு, புதுசு வாங்கணும்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

ஆனால் இந்தப் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் கீசரின் உள்ளே இருக்கும் ஹீட்டர் அல்ல. தண்ணீர் உள்ளே போகும் வழியிலோ, வெளியே வரும் வழியிலோ இருக்கும் ஏதோ ஒரு சின்ன பாகம்தான். அதில் சிலவற்றை வீட்டில் இருப்பவர்களே பார்த்துவிடலாம். சிலவற்றில் கையே வைக்கக் கூடாது. எது எந்த வகை? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• பச்சைத்தண்ணியும் மெதுவாக வந்தால் கோளாறு கீசரில் இல்லை.
• சுடுதண்ணி மட்டும் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கீசருக்குள் 'வரும்' பாதை.
• போர் தண்ணி வீடுகளில் உப்புதான் முதல் எதிரி. மலை வீடுகளில் மண்ணும் சருகும்.
• சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று அதை அடைப்பது உயிருக்கே ஆபத்து.

ஒரே மாவட்டம், இரண்டு விதமான தண்ணி

விழுப்புரத்தில் இருந்து பிரிக்கப்பட்டு 2019-ம் ஆண்டு தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. இதில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் எல்லாம் சமவெளி. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு போன்ற ஊர்கள் இருக்கின்றன. கச்சிராயபாளையம் அருகே இருக்கும் கோமுகி அணைக்கு வரும் தண்ணீர் இந்த மலையில் பிறப்பதுதான்.

சமவெளியில் பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறுதான் ஆதாரம். பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கி வரும் தண்ணீர் என்பதால் கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு, சோப்பு நுரைக்காதது, ஷவர் துளை அடைப்பது எல்லாம் இதனால்தான்.

மலையில் ஓடை, ஊற்றுத் தண்ணீரில் பொதுவாக இந்த உப்பு குறைவு. ஆனால் மழை பெய்தால் கலங்கல், மண், சருகு எல்லாம் சேர்ந்து வரும். எனவே ஒரே கம்பெனி கீசர், ஒரே மாடல் என்றாலும் கீழே பழுதாகும் இடம் வேறு, மேலே பழுதாகும் இடம் வேறு.

சுடுதண்ணி எப்படி வெளியே வருது?

இதற்குப் பழைய விறகு பாய்லரே நல்ல உதாரணம். செம்பு அல்லது பித்தளை பாய்லரில் புனல் மாதிரி ஒரு வாய் இருக்கும். அதில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊற்றினால், இன்னொரு பக்கம் இருக்கும் மூக்கு வழியாக ஒரு சொம்பு சுடுதண்ணி வரும். ஊற்றிய தண்ணி நேராக அடிக்குப் போய், மேலே இருக்கும் சூடான தண்ணியைத் தள்ளுகிறது. ஊற்றுவதை நிறுத்தினால் வருவதும் நின்றுவிடும்.

சுவரில் மாட்டும் கீசரும் இதே கதைதான். உள்ளே மோட்டார் எதுவும் கிடையாது. நீல நிற அடையாளம் உள்ள குழாய் வழியாக பச்சைத்தண்ணி டேங்கின் அடிப்பகுதிக்குள் வருகிறது. அது மேலே இருக்கும் சுடுதண்ணியைத் தள்ளுகிறது. சுடுதண்ணி வெளியேறும் குழாய், அதாவது சிவப்பு அடையாளம் உள்ளது, டேங்கிற்குள் மேல்மட்டம் வரை நீண்டிருக்கும். அதன் வாய் வழியாகத்தான் சூடான தண்ணீர் இறங்கி வருகிறது.

அதாவது, உள்ளே எவ்வளவு வேகமாக பச்சைத்தண்ணி வருகிறதோ, அவ்வளவு வேகம்தான் சுடுதண்ணிக்கும். 'சுடுதண்ணி வரலை' என்றால் 'பச்சைத்தண்ணி உள்ளே போகலை' என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது புரிந்தால் பாதி கோளாறைக் கண்டுபிடித்த மாதிரி.

வீட்டிலேயே பார்க்க வேண்டிய 5 இடங்கள்

ஆரம்பிக்கும் முன் ஒரு விதி. கீசர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கீசருக்கான எம்.சி.பி-யையும் இறக்கிவிட வேண்டும். பிறகு சுடுதண்ணி குழாயைத் திறந்து, ஆறிய தண்ணி வரும் வரை விட வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

1. மாடி டேங்க்: முதலில் பச்சைத்தண்ணி குழாயைத் திறந்து பாருங்கள். அதுவும் மெதுவாக வந்தால் கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை. டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். குளியலறை ஷவருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வழியில் இருக்கும் சின்ன அடைப்பு கூட பெரிதாகத் தெரியும்.

2. ஷவர், குழாய் முனை: குழாய் முனையில் இருக்கும் சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றிவிட்டு தண்ணி விட்டுப் பாருங்கள். வேகம் கூடினால் அடைப்பு அங்கேதான். வினிகரிலோ, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ சில மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும்.

3. ஆங்கிள் வால்வு: கீசருக்குக் கீழே, சுவரில் இருந்து வரும் இடத்தில் இருக்கும் திருகு வால்வு. எப்போதோ வேலை பார்த்தபோது பாதி மூடியது அப்படியே இருந்திருக்கும். முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் திருகாமல் உப்பு பிடித்திருந்தால் பலவந்தமாகத் திருக வேண்டாம். உடைந்தால் குளியலறை முழுக்க தண்ணிதான்.

4. கனெக்ஷன் பைப்: ஆங்கிள் வால்வையும் கீசரையும் இணைக்கும் வளையும் பைப். மடங்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முனையில் சில வீடுகளில் சின்ன சல்லடை வாஷர் இருக்கும். மலைப்பகுதி வீடுகளில் மண் தேங்கும் முதல் இடம் இதுதான். ஆங்கிள் வால்வை மூடிவிட்டுக் கழற்றி, தட்டிக் கழுவி மாட்டலாம். அப்போது வாஷர் நைந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

5. மிக்ஸர்: தண்ணி நல்ல வேகமா வருது, ஆனா சூடே இல்லை என்பவர்கள் பார்க்க வேண்டிய இடம். சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலக்கும் மிக்ஸரின் உள்பாகம் தேய்ந்தால், பச்சைத்தண்ணி குறுக்கு வழியில் சுடுதண்ணி லைனுக்குள் புகுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வை முழுவதும் மூடுங்கள். சுடுதண்ணி குழாயை மட்டும் திறங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணி நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது கீசருக்குள் போகாமலே குறுக்கே வரும் தண்ணி. மாற்ற வேண்டியது மிக்ஸரின் உள்பாகம், கீசர் அல்ல.

இன்னொரு விஷயம், சுடுதண்ணி லைனில் சாதாரண பிவிசி பைப் போட்டிருந்தால் சூட்டில் இளகி வளைந்து, இணைப்பு இடங்களில் கசியத் தொடங்கும். சுடுதண்ணிக்கு என்றே இருப்பது சிபிவிசி பைப். புது வீடு கட்டுபவர்கள் பிளம்பரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

டேங்கிற்குள் உப்பு என்ன செய்கிறது?

உப்புத்தண்ணியைச் சூடாக்கும்போது, அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். சர்க்கரை மாதிரி சூட்டில் நன்றாகக் கரையும் பொருள் இல்லை இது. சூடு கூடக் கூடத் தண்ணீரில் நிற்காமல் படிந்துவிடும். அதனால்தான் மாடி டேங்கில் படிவதை விட கீசரில் வேகமாகப் படிகிறது.

எவ்வளவு படியும்? குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. ஒரு வீட்டு போர் தண்ணியில் இது 400 என்று வைத்துக்கொள்வோம். தினமும் 60 லிட்டர் சுடுதண்ணி பயன்படுத்தினால், ஒரு நாளைக்கு 24 கிராம் உப்பு கீசர் வழியாகப் போகிறது. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 8.7 கிலோ! பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். ஆனால் இதில் ஒரு சின்ன பங்கு உள்ளேயே தங்கினால் கூட டேங்கின் அடியில் ஓடு ஓடாகக் குவிந்துவிடும்.

அதன் விளைவுகள் இவை:

• டேங்கின் அடியில் இருக்கும் பச்சைத்தண்ணி வரும் வாய் சுருங்கும். சுடுதண்ணி வேகம் குறையும்.
• 15 லிட்டர் டேங்கில் உப்பு இடத்தைப் பிடித்துக்கொண்டால் அவ்வளவு தண்ணி பிடிக்காது. 'முன்னாடி ரெண்டு பேர் குளிச்சோம், இப்ப ஒருத்தருக்கே பத்தலை' என்பது இதனாலும் இருக்கலாம்.
• காயில் மீது உப்பு கவசம் போல மூடிக்கொண்டால், சூடு சீக்கிரம் தண்ணிக்குப் போகாது. காயிலே அளவுக்கு மீறி சூடாகும். கடைசியில் மேலுறை வெடித்துவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. காயிலின் மேலுறை வெடித்தால் மின்சாரம் தண்ணீரோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளும். கீசர் சுவிட்ச் போட்டவுடன் டிரிப்பர் விழுகிறது என்றால், 'டிரிப்பர் சரியில்லை' என்று அதை மாற்றவோ, நேரடி இணைப்பு கொடுக்கவோ கூடாது. உயிரைக் காப்பாற்ற அது தன் வேலையைச் செய்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, சரியான எர்த் இரண்டும் உள்ள வீட்டில் மட்டுமே கீசர் பாதுகாப்பு. எதுவானாலும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிப்பதுதான் நல்ல பழக்கம்.

டேங்கிற்குள் தேயும் 'தியாகி' கம்பி

கீசரைத் திறந்து பார்த்தால் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். ஆனோடு ராடு என்பார்கள். பெரும்பாலும் மெக்னீசியத்தால் ஆனது. டேங்க் இரும்பு துருப்பிடிப்பதற்குப் பதிலாக இந்தக் கம்பி கரைந்துபோகும். டேங்கிற்காகத் தேய்வதே இதற்கு வேலை.

இந்தக் கம்பி முழுவதும் கரைந்த பிறகு டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கும். டேங்கில் ஓட்டை விழுந்தால் ஒட்டவைத்து ஓட்டுவது சரிவராது, கீசரையே மாற்ற வேண்டியதுதான். அதனால் சர்வீஸ் செய்யும்போதெல்லாம் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். டேங்கோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகக் குறைவு.

வால்வில் சொட்டுதா? அடைச்சிடாதீங்க!

கீசர் சூடாகும்போது கீழே இருக்கும் ஒரு சின்ன வால்வில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழும். பல வீடுகளில் இதைக் 'கசிவு' என்று நினைத்து டேப் சுற்றுவதும், மூடி போட்டு அடைப்பதும் நடக்கிறது. கீசர் விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு இதுதான்.

தண்ணி சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 65 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஏறக்குறைய கால் லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். ஒரு டம்ளர் அளவுக்குக் கொஞ்சம் அதிகம். கீசருக்கு வரும் வழியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு (மெக்கானிக்குகள் 'என்.ஆர்.வி' என்பார்கள்) இருந்தால், அந்தக் கூடுதல் தண்ணிக்குப் போக வழியில்லை. அதை வெளியே விடத்தான் சேஃப்டி வால்வு. பல கீசர்களில் இந்த இரண்டு வேலையையும் ஒரே வால்வு செய்யும்.

அதை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? சாதாரண நாட்களில் டேங்க் மீது அழுத்தம் கூடும், இணைப்புகள் கசியும். தெர்மோஸ்டாட் பழுதாகி காயில் அணையாமல் ஓடும் நாளில்தான் பெரிய ஆபத்து. மூடிய டேங்கில் அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடாகும். டேங்க் பிளந்தால் அந்த நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாகிவிடும். நீராவியாகும்போது தண்ணீர் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். சுவரையே பெயர்க்கும் வேகம் அது.

இதைத் தடுக்க கீசரில் மூன்று காவலர்கள் இருக்கிறார்கள்:

• தெர்மோஸ்டாட்: நாம் வைத்த சூட்டுக்கு வந்ததும் அணைக்கும்.
• கட்-அவுட்: தெர்மோஸ்டாட் ஏமாற்றினால் மின்சாரத்தைத் துண்டிக்கும்.
• சேஃப்டி வால்வு: இரண்டும் ஏமாற்றினால் அழுத்தத்தை வெளியே விடும். மின்சாரமே தேவையில்லை.

கடைசிக் காவலரைத்தான் டேப் சுற்றி அடைக்கிறோம். சொட்டுவது தொந்தரவாக இருந்தால், வால்வின் வாயில் ஒரு மெல்லிய டியூபை மாட்டி, தரை வடிகால் பக்கம் இறக்கிவிட்டால் போதும். டியூபின் முனை எப்போதும் திறந்திருக்க வேண்டும். சேஃப்டி வால்வுக்கும் டேங்கிற்கும் நடுவே வேறு எந்த மூடும் வால்வும் வைக்கக் கூடாது.

கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால் அது வேறு. வால்வில் உப்பு சிக்கியிருக்கலாம், அல்லது மாடி டேங்கிற்குப் பதில் பிரஷர் பம்ப் வைத்ததால் அழுத்தம் அதிகமாகியிருக்கலாம். கீசரின் மேல் ஒட்டியிருக்கும் அட்டையில் அது தாங்கும் அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். வால்வை மாற்றினால் அதே அளவுக்கானதைத்தான் போட வேண்டும்.

மாடி டேங்க் காலியானால்...

என்.ஆர்.வி-க்கு இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. மாடி டேங்க் காலியாக இருக்கும்போது கீழ்த்தளத்தில் யாராவது குழாயைத் திறந்தால், மேல்மாடி கீசரில் இருக்கும் தண்ணி பின்னோக்கி இறங்கிவிடலாம். அது தெரியாமல் சுவிட்ச் போட்டால் காயில் தண்ணி இல்லாமல் காயும். சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

அதனால் டேங்க் கழுவிய பிறகும், தண்ணி தட்டுப்பாட்டுக்குப் பிறகும், சர்வீஸ் முடிந்த பிறகும் ஒரே விதி: சுடுதண்ணி குழாயைத் திறந்து, காற்று எல்லாம் 'புஸ் புஸ்' என்று போய், தண்ணி சீராக வந்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.

மலை ஊர்களில் என்ன வித்தியாசம்?

உயரம் கூடக் கூட காற்றின் வெப்பநிலை ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குறையும். 3,000 அடி என்பது ஏறக்குறைய 900 மீட்டர். டேங்க் தண்ணியே அதிகக் குளிர்ச்சியோடு கீசருக்குள் வரும். அதே சூட்டுக்குக் கொண்டுபோக நேரம் கூடும்.

கணக்கைப் பார்த்தால் புரியும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 0.6 யூனிட் மின்சாரம் தேவை. 2 கிலோவாட் கீசருக்கு 18 நிமிடம். தண்ணி 20 டிகிரியில் வந்தால் 0.7 யூனிட், 21 நிமிடம்.

வோல்டேஜ் குறைந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் தரும் காயில், 180 வோல்ட்டில் சுமார் 1.2 கிலோவாட்தான் தரும். 18 நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். மின் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் 'கீசர் சூடாக மாட்டேங்குது' என்றால், காயிலை மாற்றும் முன் காலை நேர வோல்டேஜைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பழுது இல்லாத காயிலுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

மழைக்காலத்தில் ஓடைத் தண்ணி நேரடியாக டேங்கிற்கு வரும் வீடுகளில், டேங்கில் இருந்து வெளியேறும் பைப்பில் ஒரு சல்லடை ஃபில்டர் போடுவது நல்லது. கலங்கல் தண்ணி வந்த நாளில் டேங்கில் தெளிந்த பிறகே கீசரை ஓட விடலாம்.

விறகு பாய்லர் வைத்திருப்பவர்கள் கவனிக்க

விறகு கிடைக்கும் இடங்களில் பாய்லர்தான் இன்னும் கைகொடுக்கிறது. கரண்ட் போனாலும் சுடுதண்ணி உண்டு. ஆனால் இதற்கும் சர்வீஸ் தேவை.

• நடுவில் இருக்கும் புகைக்குழாயில் படியும் கரியைத் தட்டி எடுக்க வேண்டும். கரி மூடினால் புகை வெளியேறாது, தண்ணிக்கும் சூடு ஏறாது.
• அடித்தட்டில் சாம்பலை அள்ளாவிட்டால் காற்று கிடைக்காமல் தீ புகையும்.
• தண்ணி இல்லாமல் தீ மூட்டக் கூடாது. இணைப்புகளில் இருக்கும் ஈயப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். தண்ணி இருக்கும் வரைதான் அந்தப் பற்றுக்குப் பாதுகாப்பு.
• தண்ணி ஊற்றும் வாயையும் மூக்கையும் ஒருபோதும் இறுக்கி அடைக்கக் கூடாது. அவை திறந்திருப்பதால்தான் பாய்லரில் அழுத்தம் கூடுவதில்லை.
• மூடிய குளியலறைக்குள் கரி நெருப்போ விறகோ எரிக்கக் கூடாது. பாய்லர் வெளியே அல்லது காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசிப் புள்ளி கேஸ் கீசருக்கும் அப்படியே பொருந்தும். காற்று போதாமல் எரியும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, குளிக்கப் போனவர் வெளியே வராமலே போகும் ஆபத்து உண்டு. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டி, சுடுதண்ணியை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுவருவதுதான் பாதுகாப்பு. கேஸ் கீசரில் தண்ணி வேகம் குறைந்தால் தீயே பற்றாது. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணி வரும் வழியில் இருக்கும் சல்லடைதான்.

மெக்கானிக் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும்?

டேங்கைத் திறந்து செய்யும் வேலைகள் எல்லாம் பயிற்சி பெற்றவருக்கானவை. ஆனால் என்ன செய்கிறார் என்று தெரிந்திருந்தால் ஏமாற வேண்டியதில்லை. முழு சர்வீஸ் என்றால் இவ்வளவும் இருக்க வேண்டும்:

• மின்சாரத்தைத் துண்டித்து, டேங்கை முழுவதும் வடிப்பது.
• காயிலைக் கழற்றி உப்பை நீக்குவது. மேலுறையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது.
• டேங்கின் அடியில் இருக்கும் உப்பையும் மண்ணையும் வெளியே எடுப்பது. உள்ளே வரும் வாயையும் வெளியேறும் குழாயையும் சுத்தம் செய்வது.
• ஆனோடு கம்பியைப் பார்ப்பது, தேவைப்பட்டால் மாற்றுவது.
• பழைய கேஸ்கட்டை மாற்றி, போல்ட்டுகளைச் சீராக முறுக்குவது.
• சேஃப்டி வால்வு, தெர்மோஸ்டாட், கட்-அவுட், எர்த் நான்கையும் சோதிப்பது.
• தண்ணி நிரப்பி, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுப்பது.

உப்பை நீக்க கழிப்பறை ஆசிட்டை டேங்கிற்குள் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உப்பு சீக்கிரம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் கூடவே டேங்கின் உள்பூச்சையும் உலோகத்தையும் அரிக்கும். அந்த ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் மெதுவாக வேலை செய்தாலும் பாகங்களுக்குப் பாதுகாப்பானது.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? உப்புத்தண்ணி வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறையாவது தேவை. குளிர்காலம் தொடங்கும் முன், ஐப்பசி வாக்கில் செய்துவிட்டால் மார்கழியில் அலைய வேண்டாம். உப்பு குறைந்த தண்ணி என்றால் கீசரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளி போதும்.

கரண்ட் பில் கணக்கு

உப்பு படிந்தால் கரண்ட் பில் பல மடங்கு கூடும் என்று சொல்வதுண்டு. மின்சார கீசரில் காயில் தண்ணிக்குள்ளேயே இருப்பதால் அதன் சூடு எப்படியும் தண்ணிக்குத்தான் போகிறது. எனவே பில் அப்படித் தாறுமாறாகக் கூடாது. நஷ்டம் வேறு இடத்தில்: காயில் கருகுவது, டேங்க் ஓட்டையாவது, சூடு போதாமல் திரும்பத் திரும்ப சுவிட்ச் போடுவது.

தினமும் ஒருமுறை 15 லிட்டர் சூடாக்கினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் அளவு செலவாகும். 2016-ல் தமிழக அரசு அறிவித்த, இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்துவிட்டு நிறைய பச்சைத்தண்ணி கலப்பதை விட, 60-ல் வைப்பது நல்லது. உப்பு படிவதும் குறையும், குழந்தைகள் மீது கொதிக்கும் தண்ணி விழும் ஆபத்தும் குறையும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீசருக்குள் 'பட் பட்' என்று சத்தம் வருகிறதே?
அடியில் உப்பு குவிந்ததன் அடையாளம். உப்பு ஓடுகளுக்கு இடையே சிக்கிய தண்ணி கொதித்து வெடிக்கும் சத்தம் அது. சர்வீஸ் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சுடுதண்ணியில் மட்டும் கெட்டுப்போன முட்டை வாடை?
தண்ணியில் இருக்கும் சிலவகை பாக்டீரியாவும் ஆனோடு கம்பியும் சேர்ந்து உண்டாக்கும் வாடை. வெகுநாள் பயன்படுத்தாமல் விட்ட கீசரில் வரும். டேங்கை வடித்துக் கழுவ வேண்டும்.

சிவப்பாகத் தண்ணி வருகிறது?
பச்சைத்தண்ணியும் சிவப்பு என்றால் மண் அல்லது பழைய இரும்பு பைப். சுடுதண்ணி மட்டும் சிவப்பு என்றால் டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனோடு கம்பியை உடனே பார்க்க வேண்டும்.

சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் கீசரைப் போடலாமா?
கூடாது. 2 கிலோவாட் கீசர் 8 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக், தனி லைன், தனி எம்.சி.பி அவசியம்.

மாற்றும் பாகங்களில் எதைப் பார்க்க வேண்டும்?
புது கீசர் என்றால் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். காயில், தெர்மோஸ்டாட் மாற்றினால் பழையதில் எழுதியிருக்கும் அதே வாட், அதே அளவு என்பதை உறுதி செய்யுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்-அவுட்டை நீக்கிவிட்டு வயரை நேராக இணைத்து 'ரெடி' என்று யாராவது சொன்னால், அந்த கீசரை ஆன் செய்யவே கூடாது.